வேன் பெட்ரோலைக் குடிக்கிறதா? டிரைவரைப் பார்க்கும் முன் சென்சாரைப் பாருங்கள்

கடையில் ஒரு மூட்டை உளுந்து கணக்கில் குறைந்தால் முதலில் யார்மேல் கண் போகும் என்று நம் வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தராசைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பது நம் பழக்கம். வேன் பெட்ரோல் விஷயத்திலும் நாங்கள் அதைத்தான் செய்தோம். அதில் பணமும் போயிற்று, பணத்தைவிடப் பெரியதொன்றும் போயிற்று. லைன் வியாபாரத்துக்குச் சொந்தமாகப் பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் நம்மிடையே பலர் உண்டு என்பதால், நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம்.

விருதுநகரில் உள்ள எங்கள் பருப்பு மொத்தக் கடைக்கு 2017 ஆகஸ்டில் ஒரு பெட்ரோல் வேன் வாங்கினோம். முன் இருக்கைக்கு அடியில் இன்ஜின் இருக்கும் சிறிய சரக்கு வண்டி. சாத்தூர், அருப்புக்கோட்டை, சிவகாசி பக்கத்துக் கிராமக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு, போன வாரத்து வசூலையும் வாங்கி வரும். மாதம் ஏறக்குறைய 1,800 கி.மீ. ஓட்டம். லோடோடு போய் வெறும் வண்டியாகத் திரும்பும் கணக்கில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்தது.

2024 மார்ச்சிலிருந்து பெட்ரோல் செலவு ஏறியது. இங்கே எங்கள் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் போடுவதை நாங்கள் லிட்டரில் எழுதவில்லை, ரூபாயில் எழுதினோம். 500 ரூபாய்க்குப் போடு, 1,000 ரூபாய்க்குப் போடு என்று காசைக் கொடுத்து அனுப்புகிறவனுக்கு மைலேஜ் எப்படித் தெரியும்? பருப்பை ரூபாயில் கொள்முதல் எழுதி, எத்தனை குவிண்டால் வந்தது என்று எழுதாமல் விடுவது போலத்தான் இது. டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தால்தான் கணக்கு நேராகும். மே மாதம் அப்படிப் பார்த்ததில் லிட்டருக்கு 12.5 கி.மீ.தான் வந்தது. 1,800 கி.மீ.க்கு 120 லிட்டர் போதும் என்ற இடத்தில் 144 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,400 ரூபாய் கூடுதல். ஒரு மூட்டை பருப்பில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இந்த 2,400 ரூபாயின் கனம் தெரியும்.

டிரைவர் எங்களிடம் ஆறு வருஷம் ஓட்டியவர். வசூல் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ஆனாலும் பெட்ரோல் என்று வந்ததும் எங்கள் புத்தி வேறு மாதிரி போயிற்று. கூடவே ஒரு பையனை ஏற்றி அனுப்பினோம். இரவில் சாவியை வாங்கி வைத்தோம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பேட்டாவில் 1,500 ரூபாய் வீதம் பிடித்தோம். அவர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "அண்ணாச்சி, மீட்டர்ல மஞ்ச லைட்டு எரியுதுன்னு பங்குனியிலேயே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அது உண்மை. அவர் கணக்குப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். வண்டிதான் ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம் என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கிறார். பையன் கூடப் போன மாதமும் மைலேஜ் அதே பன்னிரண்டரைதான். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு பெரிய பட்டறைக்கு அனுப்பினோம். பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். மஞ்சள் விளக்கை ஸ்கேனர் போட்டு அணைத்தார்கள். பத்து நாளில் அது மறுபடி எரிந்தது. அடுத்த முறை, புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, 32,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகுதான் இன்னொருவரிடமும் காட்டலாம் என்று தோன்றியது. எங்கள் பழைய கார்புரேட்டர் வண்டியைப் பார்த்துவந்த வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இப்போது அவரும் ஸ்கேனர் வைத்திருக்கிறார். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? ஆக்சிஜன் சென்சார் எப்போதாவது மாற்றியதா? போன வருஷத்துப் புகைச் சோதனைச் சீட்டு இருக்கிறதா?

ஓட்டம் ஒன்றரை லட்சம் கி.மீ. சென்சார் மாற்றியதே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சீட்டுகளை மட்டும் கோர்த்து வைத்திருந்தோம். அந்த வருஷச் சீட்டில் கார்பன் மோனாக்சைடு அளவு முந்தைய வருஷத்தைவிட நன்றாக ஏறியிருந்தது. பெட்ரோல் முழுதாக எரியாமல் வெளியே போகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி என்றார். கழற்றிய பழைய பிளக்குகளைப் பட்டறையில் வாங்கி வந்திருந்தோம். அவற்றின் முனையிலும் கரி படிந்திருந்தது.

சென்சார் செய்யும் வேலை

பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் வீண், கூடினால் இழுவை குறையும். கார்புரேட்டர் காலத்தில் இதை ஜெட்டும் மெக்கானிக்கின் காதும் பார்த்துக்கொண்டன. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இ.சி.எம். என்னும் சிறு கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று தீர்மானிக்கிறது. தீர்மானித்தது சரியா தப்பா என்று அதற்குச் சொல்வது புகைக் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். கடை வாசலில் நின்று வெளியே போகும் மூட்டையை எடை போட்டு உள்ளே சொல்லும் ஆள் மாதிரி.

அதன் முனையில் சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளால் ஆன ஒரு குப்பி இருக்கிறது. இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் ஆக்சிஜன் வித்தியாசப்படும்போது அதில் சிறிது மின்சாரம் பிறக்கிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும், காற்று கூடினால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலை செய்யும் என்பதால் உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த இந்தச் சென்சார், அமெரிக்காவில் விற்ற வோல்வோ 240 காரில் 1976இல் முதன்முதலாக வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. ஈயம் இந்தச் சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் விஷம்.

எங்கள் வேன் போன்ற பி.எஸ்.4 வண்டியில் இரண்டு சென்சார் உண்டு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெட்ரோல் அளவைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது முன்னால் இருப்பது. பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று காவல் பார்க்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரியாமல் இரண்டையும் மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு.

கெட்டது எது என்று கண்ட விதம்

வயதான சென்சார் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. மந்தமாகிறது. கரியும், இன்ஜின் ஆயில் எரிந்த சாம்பலும் முனையில் படிந்து, சொல்ல வேண்டியதைத் தாமதமாகவும் குறைவாகவும் சொல்கிறது. வோல்ட் தாழ்ந்தே இருந்தால் காற்று அதிகம் என்று இ.சி.எம். நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். எங்கள் வண்டியில் நடந்தது இதுதான்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டியதும் வந்த குறி பி 0133. முன் சென்சார் மந்தம் என்று அதற்கு அர்த்தம். கன்வெர்ட்டர் பலவீனம் என்பதற்கு வரும் பி 0420 என்ற குறியும் கூடவே இருந்தது. முதல் பட்டறையில் இந்த இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் போலும். "ரெண்டு குறி வந்தா மொதல்ல முன்னால உள்ளதப் பாக்கணும் அண்ணாச்சி. தராசு கெட்டிருக்கும்போது சரக்கக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார் அவர்.

குறியைப் பார்த்ததும் சென்சார் வாங்கிவரச் சொல்லிவிடவில்லை என்பதுதான் எங்களுக்கு அவரிடம் பிடித்தது. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து ஒரே வேகத்தில் நிறுத்தி, ஸ்கேனரில் ஓடும் எண்களைக் காட்டினார். நல்ல சென்சார் என்றால் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பத்து விநாடியில் ஏழெட்டு முறையாவது போய் வரும். எங்களுடையது 0.2க்கும் 0.5க்கும் நடுவே சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. பத்து விநாடியில் இரண்டு முறைதான் அசைந்தது. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்துவிட்டால் பெட்ரோல் பாய்ந்து எண் உடனே மேலே துள்ள வேண்டும். அதுவும் மெதுவாகவே ஏறியது. இ.சி.எம். எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது என்று காட்டும் இன்னொரு எண் இருக்கிறது. கூட்டலோ கழித்தலோ 5, போனால் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டிய அந்த எண் கூட்டல் 17இல் நின்றது.

இதற்குப் பிறகும் அவர் சந்தேகத்தை விடவில்லை. சென்சார் உண்மையைச் சொல்லியும் இப்படிக் காட்டலாம். சென்சாருக்கு முன்னால் புகைக் குழாய் கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, காற்று அதிகம் என்று காட்டும். இன்ஜினுக்குள் காற்று போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் அப்படியே. அதைக் கவனிக்காமல் சென்சாரை மாற்றினால் புதியதும் அதையேதான் சொல்லும். இரண்டையும் தடவிப் பார்த்து, கேட்டு, ஓட்டை இல்லை என்று உறுதி செய்தார். வயரையும் பார்த்தார். நம் குடோனில் நிற்கும் வண்டிகளுக்கு எலி பெரிய எதிரி. பருப்பு வாசத்துக்கு வருவது வயரையும் கடித்துவிட்டுத்தான் போகும். ஹீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். வந்தது. ஹீட்டரின் இரு வயருக்கும் இடையே மின்தடையைப் பார்த்தார். சில ஓம் காட்டியது, அறுந்திருக்கவில்லை. ஹீட்டர் அறுந்திருந்தால் பி 0135 என்ற வேறு குறி வந்திருக்கும் என்றார். ஆக மிச்சம் இருந்தது சென்சாரின் முனைதான்.

டயரில் காற்றுக் குறைவு, பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது, அடைத்த ஏர் ஃபில்டர், இவையும் மைலேஜைக் குறைக்கும். அவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.

மாற்றும்போது

வேலை அரை மணி நேரம்தான், ஆனால் கெடுக்க வழிகள் உண்டு. ஏழு வருஷச் சூட்டில் மரை பிடித்துப்போயிருந்தது. குளிர்ந்த இரும்பில் பலம் காட்டினால் குழாயின் மரை கிழிந்துவிடும். இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி, துரு விடும் ஆயில் அடித்துக் காத்திருந்து, வயர் நுழைய ஒரு பக்கம் வெட்டு விட்ட 22 நம்பர் சாக்கெட்டால் கழற்றினார். கழன்ற முனை கருப்பாகக் கரி பூசியிருந்தது. வெள்ளையாகப் பூத்திருந்தால் கூலன்ட் கசிவோ, யாரோ தாராளமாகத் தடவிய சிலிக்கான் பசையோ காரணம் என்று பார்க்க வேண்டுமாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் கெடும்.

கரியைச் சுரண்டிவிட்டு அதையே போடலாமே என்று கேட்டோம். காசு போகும் இடத்தில் வியாபாரி இப்படிக் கேட்பது இயல்பு. பெட்ரோலில் கழுவியும் கம்பிப் பிரஷ்ஷில் தேய்த்தும் ஒன்றும் திரும்பாது, உள்ளே பிளாட்டினப் பூச்சே போயிருக்கும் என்று சொல்லிவிட்டார். புதிய சென்சாரின் மரையில் மட்டும் பிடிக்காமல் இருக்கும் பசை இருந்தது. அது முனையில் படக் கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டக் கூடாது, உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். வண்டிக்கென்றே வரும் கனெக்டர் உள்ளதை வாங்க வேண்டும். பொதுச் சென்சாரை வாங்கி வயரை வெட்டிப் பற்றவைத்தால் சில வகைகளில் வேலைக்கு ஆகாது. வெளிக்காற்று அந்த வயரின் வழியாகத்தான் உள்ளே போகிறதாம்.

சென்சார் 2,800 ரூபாய், கூலி 500. டூப்ளிகேட் நிறையப் புழங்கும் சரக்கு என்பதால் பில்லோடு தெரிந்த கடையில் வாங்கினோம். வண்டி சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. பின் சென்சாரை மாற்றவில்லை, அது ஒழுங்காகவே இருந்தது.

குறிகளை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கூட்டல் 17 என்று நின்ற எண் மூன்றுக்கு வந்தது. கன்வெர்ட்டர் குறி திரும்ப வரவில்லை. 32,000 ரூபாய் மிஞ்சியது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் எரியாத பெட்ரோல் உள்ளே போய்ச் சூடேற்றிக் கன்வெர்ட்டரையே உருக்கியிருக்கும். அதில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எல்லாம் இருப்பதால்தான் அந்த விலை. நான்காவது முறை டேங்க் நிரப்பியபோது மைலேஜ் 14.7.

சி.என்.ஜி. வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே சென்சார்தான் காஸைக் கணக்கிடுகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான ஸ்கூட்டர், மொபெட்களிலும் சைலன்சர் குழாயில் சிறியதாக ஒன்று இருக்கிறது. டீசல் வண்டிக்காரர்கள் நாம் சொன்ன எண்களை அப்படியே வைத்துப் பார்க்க வேண்டாம், அதன் ஏற்பாடு வேறு. பெட்ரோல் வண்டியில் ஒரு லட்சம் கி.மீ. தாண்டியதும், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், முன் சென்சாரின் ஓட்டத்தை ஒருமுறை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் மெக்கானிக் அதற்கு 300 ரூபாய் வாங்குகிறார்.

டிரைவரைக் கூப்பிட்டு, பிடித்த 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். தப்பு எங்கள் பக்கம் என்று, கணக்குப்பிள்ளையையும் பையனையும் வைத்துக்கொண்டே சொன்னோம். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும் அண்ணாச்சி. சிவகாசியில ஒரு அச்சாபீஸ் வண்டிக்குச் சொல்லிட்டேன். அடுத்த ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க" என்றார். சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தோம். சிரித்தார், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசி வரை ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, வசூலைப் பைசா சுத்தமாக ஒப்படைத்துவிட்டுப் போனார்.

புது டிரைவர் வந்த அன்று வண்டி நோட்டில் கூடுதலாக இரண்டு பத்தி கோடு போட்டோம். ஒன்று லிட்டர். மற்றது, மஞ்சள் விளக்கு எரிந்ததா என்பது. அந்தப் பத்தியைத் தினமும் மாலையில் நாங்களே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். இதுவரை ஒரே ஒரு முறை எரிந்திருக்கிறது. எலி கடித்த வயர், 150 ரூபாய்.